பிரம்பை வைத்துவிட்டுக் கதை கேட்கப் பழகிய காலம்

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். உளவளத்துணைப் பொறுப்பைத் தன்னிடம் கொடுத்திருக்கிறார்களாம். "சேர், ரீச்சர்மாருக்கு இந்த வேலை எப்படி வந்தது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் காலத்து ஆசிரியரின் கையில் இருந்தவை இரண்டு: வெண்கட்டியும் பிரம்பும். 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறு வருடம் திரும்பி வந்து வகுப்புகளைத் தொடங்கினோம். ஏழாம் வகுப்பில் ஒரு பெடியன் இருந்தான். புத்தகம் திறந்திருக்கும், கண் எங்கேயோ நிற்கும். கதவு படாரென்று சாத்தினால் மேசைக்குக் கீழே போய்விடுவான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். குழப்படி என்று நினைத்து இரண்டு தரம் அடித்தேன். அவன் அழவில்லை, கையை மட்டும் நீட்டினான். அந்தத் தவணை முடிய அவனுடைய குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அந்த நாளில் வடக்கில் இருந்த மனநல வைத்தியர்களை விரல்விட்டு எண்ணலாம். யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் மக்களின் மனதில் விட்ட வடுக்களைப் பற்றி 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சனம் முழுவதும் அடிபட்டிருக்கும்போது ஆஸ்பத்திரி மட்டும் போதாது, ஊரோடு இருப்பவர்களைப் பழக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. மூச்சுப் பயிற்சி, மந்திரம் உச்சரித்தல், சாந்தியாசனம் போன்ற எங்கள் பழைய முறைகளையும் அவர் சிகிச்சையில் சேர்த்தார். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் சீர்மியப் பயிற்சிகளை நடத்தின. பிள்ளைகளை நாள்தோறும் பார்ப்பவர்கள் ஆசிரியர்கள். அதனால் பயிற்சி எங்களையும் தேடி வந்தது.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்களும் வந்து ஆசிரியர்களைப் பழக்கினார்கள். பழகிய ஆசிரியர்களே வடக்கு கிழக்கில் 420 தமிழ்ப் பிள்ளைகளை நேரில் விசாரித்தார்கள். அவர்களில் 92 வீதமானோர் ஷெல்லடி, குண்டுவீச்சு, நெருங்கியவரின் சாவு போன்ற ஏதோ ஒன்றைக் கண்டவர்கள். கால்வாசிப் பேருக்கு மனவடு நோய் இருந்தது.

நானும் ஒரு பயிற்சியில் இருந்தேன். முறை கேட்பதற்கு எளிது. நிலத்தில் ஒரு கயிற்றை விரிக்க வேண்டும். அது பிள்ளையின் வாழ்க்கை. நல்ல சம்பவத்துக்கு ஒரு பூ, கெட்டதுக்கு ஒரு கல். பிறந்த நாளிலிருந்து வரிசையாகப் பிள்ளை அடுக்கிக்கொண்டு போகும். பிறகு ஒவ்வொன்றாகக் கதை கேட்க வேண்டும். பெரிய கல்லுக்கு வரும்போது அவசரப்படக் கூடாது. என்ன கண்டாய், என்ன சத்தம் கேட்டது, என்ன மணந்தது, உடம்பு என்ன செய்தது என்று மெல்ல மெல்லக் கேட்க வேண்டும். பிள்ளை நடுங்கும்போது பாதியில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பயம் இறங்கும்வரை கூடவே இருக்க வேண்டும். சொன்னதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டித் திருத்த வேண்டும். கடைசியில் அந்தக் கதை பிள்ளையின் கைக்குப் போகும்.

எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது வாயை மூடுவதுதான். ஆசிரியர் அல்லவா! பிள்ளை ஒரு வசனம் சொன்னால் நாங்கள் பத்துப் புத்திமதி சொல்வோம். "எல்லாம் சரிவரும், அழாதே" என்பது எங்கள் நாக்கில் ஊறிய சொல். அதை விடுவதற்கே நாட்கள் பிடித்தன. ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் துணையாளராகவும் நடித்துப் பழகினோம். நடிப்பென்று தொடங்கியது சில வேளைகளில் நடிப்பாக முடியவில்லை. நாங்களும் அதே பங்கருக்குள் இருந்தவர்கள்தானே. பழகியவர்களுக்கும் தங்கள் கல்லை வைக்க ஒரு இடம் வேண்டும் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

2004 மார்கழி 26 இல் கடல் வந்தது. சில கிழமைகளுக்குள் வடகிழக்குக் கரையோர அகதி முகாமில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேலையைத் தொடங்கினார்கள். 31 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கதை சொல்லும் முறையும் மற்றதுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு ஆறு அமர்வுகள் கொடுத்தார்கள். ஆறு மாதத்தின் பின் கதை சொன்னவர்களில் 81 வீதமும் தியானம் பழகியவர்களில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்று 2009 இல் வெளியிட்டார்கள். ஒன்றும் கொடுக்காமல் விட்ட மூன்றாவது கூட்டம் இல்லாததால், காலம் ஆற்றியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வைத்தியர் அல்லாத உள்ளூர் ஆசிரியர்கள் இதை ஒழுங்காகச் செய்யலாம் என்பது தெரியவந்தது.

பயிற்சியில் நோயின் அறிகுறிகளைப் பலகையில் எழுதினார்கள்: திடுக்கிடுதல், கவனம் சிதறுதல், உணர்ச்சி மரத்துப் போதல். எனக்கு அந்தப் பெடியனின் நீட்டிய கைதான் தெரிந்தது. அவனை விசாரித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பிரம்பு எடுக்கவில்லை.

வந்த ஆசிரியையிடம் இதையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பயிற்சிகளுக்குப் போன நண்பர்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஞாபகம் இருக்கும்போதே நீங்களும் எழுதிவையுங்கள்.