நிகிஷோவியெத்ஸ்

நிகிஷோவியெத்ஸ் என்பது போலந்து நாட்டின் மேல் சிலேசியாப் பகுதியில், காத்தோவித்சே நகரில் அமைந்துள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஆகும். 1908 முதல் 1919 வரை கட்டப்பட்ட இக்குடியிருப்பு ஏறக்குறைய முழுமையாக நிலைத்துள்ளது. இதன் இணைக் குடியிருப்பான கிஷோவியெத்சின் பெரும்பகுதி இடிக்கப்பட்டுவிட்டது.

வரலாறு

அக்காலத்தில் இப்பகுதி செருமனியின் ஆட்சியில் இருந்தது. 1922 இல் போலந்துடன் இணைந்தது. கீஷே நிறுவனம் தனது சுரங்கத் தொழிலாளர்களுக்காக முதலில் 1907 இல் கிஷோவியெத்சை அமைக்கத் தொடங்கியது. அது நாட்டுப்புற வீடுகளை ஒத்த சிறு வீடுகளும் தோட்டங்களும் கொண்ட ஊராகும். அதற்கு நிலம் மிகுதியாகத் தேவைப்பட்டது. அதில் குடியேறக்கூடிய குடும்பங்களோ குறைவு. எனவே நிகிஷ் என்னும் சுரங்கக் குழியின் அருகே நெருக்கமான மற்றொரு குடியிருப்பு எழுந்தது. அக்குழியின் பெயரே ஊருக்கும் வழங்கலாயிற்று. இரண்டையும் வடிவமைத்தவர்கள் பெர்லினை அடுத்த சார்லொட்டன்பர்க்கைச் சேர்ந்த எமில் சில்மான், கேயோர்க் சில்மான் ஆகிய கட்டடக் கலைஞர்கள் ஆவர்.

1914 முதல் 1977 வரை 'பால்கன்' என்றழைக்கப்பட்ட குறுகிய இருப்புப்பாதைத் தொடர்வண்டி இவ்விரு ஊர்களையும் இணைத்தது. அதில் பயணக் கட்டணம் இல்லை.

அமைப்பு

செங்கல்லால் ஆன மூன்றடுக்குக் கட்டடங்கள் நாற்புறமும் சூழ, நடுவே முற்றம் கொண்ட தொகுதிகளாக இவ்வூர் அமைந்துள்ளது. தொகுதிகளைத் தெருவின் மேலாகச் செல்லும் வளைவுகள் இணைக்கின்றன. சன்னல்களின் ஓரங்களில் சிவப்பு வண்ணம் பூசப்பட்டுள்ளது. சுமார் ஆயிரம் வீடுகள் கட்டப்பட்டன. வழக்கமான வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் இருந்தன. கழிப்பறை மாடிப்படியருகே பொதுவாக இருந்தது. முற்றங்களில் ரொட்டி சுடும் அடுப்புகளும் பன்றிக் கொட்டில்களும் இருந்தன. நகரத்துக் கட்டடத்தில் குடியேறியவர்கள் சிற்றூர் வாழ்வை முற்றிலும் கைவிட நேராததற்கு இம்முற்றங்களே காரணம் எனலாம். கடைகள், பள்ளி, பொதுச் சலவையகம் ஆகியவையும் ஊருக்குள்ளேயே அமைந்தன. புனித அன்னாள் தேவாலயம் 1927 இல் திறக்கப்பட்டது.

கிஷோவியெத்சின் அழிவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுரங்கம் அரசுடைமையாகி, வியெச்சோரெக் எனப் பெயர் மாற்றப்பட்டது. சுரங்கத் தொழில் விரிவடைந்தபோது, ஆயிரக்கணக்கான புதிய தொழிலாளர்களுக்கு வீடுகள் தேவைப்பட்டன. 1970களில் கிஷோவியெத்சின் தோட்ட வீடுகள் இடிக்கப்பட்டு, அங்கே உயர்ந்த கான்கிரீட் அடுக்குமாடிகள் கட்டப்பட்டன. பழைய ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. தன் வீட்டைவிட்டு வெளியேற மறுக்கும் முதிய சுரங்கத் தொழிலாளி ஒருவரைப் பற்றி இயக்குநர் கசிமியெஷ் கூத்ஸ் எடுத்த 'ஒரே செபமாலையின் மணிகள்' என்னும் திரைப்படம் 1980 இல் வெளிவந்தது. இடிப்பு நடந்த கிஷோவியெத்சிலேயே அது படமாக்கப்பட்டது. கூத்சின் வேறு சில படங்களில் நிகிஷோவியெத்சின் தெருக்களைக் காணலாம்.

பாதுகாப்பு

நிகிஷோவியெத்ஸ் 1978 இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2011 இல் போலந்துக் குடியரசுத் தலைவரின் ஆணைப்படி நாட்டின் 'வரலாற்றுச் சின்னம்' என்னும் உயர்நிலையைப் பெற்றது. எனினும் ஊருக்கு வாழ்வளித்த சுரங்கம் அவ்வாறு நிலைக்கவில்லை. 2018 இல் அங்கு நிலக்கரி எடுப்பது நின்றது. வீடுகளில் மக்கள் தொடர்ந்து வசிக்கின்றனர். பழைய சலவையகக் கட்டடத்தில் காத்தோவித்சே வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளை இயங்குகிறது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் அன்றாட வாழ்வையும், தெயோஃபில் ஓச்செப்கா முதலிய யானுஃப் குழு ஓவியர்களின் படைப்புகளையும் அங்குக் காணலாம். முறையான ஓவியக் கல்வி பெறாத அவர்களுள் பலர் இதே சுரங்கத்தில் வேலை செய்தவர்கள்.