கெஜலட்டியும் திம்பமும்: கொங்கின் வடக்கு மலைவழி

1. கருதுகோள்

கொங்கு வரலாற்றை எழுதுவோரின் பார்வை பெரும்பாலும் மேற்கு நோக்கியே செல்கிறது. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் கிடைத்த மணிக்கற்களும், இரும்பு உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அதற்குக் காரணம். முசிறியில் இறங்கிய வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூருக்குச் சென்றது என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் பாலக்காட்டு வழி மலை ஏறாத வழி. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளியைச் சமவெளியில் நடப்பதுபோலவே நடந்து கடக்கலாம்.

உண்மையான மலைக்கணவாய் வடக்கே இருக்கிறது. சத்தியமங்கலத்துக்கு அப்பால் மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் கெஜலட்டி வழியும், அதன் இடத்தைப் பின்னாளில் பிடித்துக்கொண்ட திம்பம் வழியும் கொங்கின் அரசியலைப் பலமுறை திருப்பியிருக்கின்றன. சரக்கு மேற்கிலிருந்து வந்தது, படை வடக்கிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சோழரும் பாண்டியரும் மதுரை நாயக்கரும் வேறு திசைகளிலிருந்து வந்தவர்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஹொய்சளர் எழுச்சி முதல் 1799 வரை கொங்கு திரும்பத் திரும்ப அஞ்சிப் பார்த்த திசை வடக்குத்தான்.

2. நில அமைப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இடம் இது. மேற்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைத் தாங்கிய நீலகிரி. வடகிழக்கே பிலிகிரி ரங்கன் மலை. நடுவே தலமலை, ஆசனூர் மேடு. நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையே மாயாறு ஆழமான பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு கிழக்கே ஓடிவந்து பவானியில் கலக்கிறது. புவியியலாளர் இதை மாயாறு–பவானி பெயர்ச்சி மண்டலம் என்பர். மிகப் பழங்காலத்தில் புவியின் மேலோடு நகர்ந்து நொறுங்கிய பட்டையில்தான் ஆறு தன் வழியைக் கண்டுகொண்டது.

மலையடிவாரம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திம்பம் உச்சியோ ஏறக்குறைய 1,100 மீட்டரில். இந்த ஏற்றத்தைக் கடக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குள் மேற்கே நடந்து, கெஜலட்டியில் மேடேறித் தலமலையை அடைவது. மற்றொன்று, பண்ணாரியிலிருந்து மலைச்சரிவில் நேரே ஏறித் திம்பத்தை அடைவது. முதலாவது ஆற்றுநீரும் தீவனமும் உள்ள வழி. பொதிமாடு, குதிரை, யானையோடு வரும் படைக்கு அதுவே உகந்தது. மழைமறைவுப் பகுதியாதலால் முட்புதர்க்காடே மிகுதி, வழி மறையாது. மலைக்காய்ச்சல்தான் பகை.

3. ஹொய்சளர் முதல் மைசூர் வரை

ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1116-இல் சோழரிடமிருந்து தலைக்காட்டைப் பறித்தான். அடுத்த ஆண்டைச் சேர்ந்த சாம்ராஜ்நகர்க் கல்வெட்டு, அவன் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதைச் சொல்கிறது. கல்வெட்டு இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். சாம்ராஜ்நகர் நம் மலைவழியின் மேல்முனை. அங்கே நின்றவன் கீழே கொங்கைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்றே பொருள்கொள்கிறேன்.

14-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் வல்லாளன் காலத்தில், மாதவ தண்டநாயகன் இந்த நோக்கத்தை நிலைநிறுத்தினான். தெரகணாம்பியைத் தலைமையிடமாகக் கொண்ட தண்டநாயகர் குடியினர் மலைக்கு மேலும் கீழும் ஒருங்கே ஆண்டனர். மாயாறும் பவானியும் கூடும் இடத்தருகே எழுந்த தண்டநாயகன் கோட்டை அவர்கள் பெயரையே தாங்கியது. மலைவழியின் அடியில் கோட்டை, உச்சியில் தலைமையிடம் என்ற இந்த அமைப்பு, கணவாயை அரசியல் கருவியாகவே அவர்கள் கருதினர் என்பதற்கு நல்ல சான்று.

17-ஆம் நூற்றாண்டில் மைசூர் உடையார்களின் படைகள் இறங்கின. திருமலை நாயக்கரின் கடைசி ஆண்டுகளில் நடந்த மூக்கறு போரில் மைசூர்ப் படை சத்தியமங்கலப் பகுதியைக் கைக்கொண்டு மதுரைவரை சென்றது. இரகுநாத சேதுபதியின் உதவியால்தான் அது திருப்பியடிக்கப்பட்டது. மதுரை தப்பியது, கொங்கு படிப்படியாக மைசூருக்குப் போனது. அதன்பின் கொங்கின் வரிப்பணம் மலையேறியது. சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை அதைப் பறித்துக்கொண்டதாகச் சொல் என்று தீரன் சின்னமலை மைசூர் அதிகாரியிடம் சொல்லியனுப்பிய செய்தி எங்கள் பகுதி வாய்மொழி மரபில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது ஆவணச் சான்று அன்று. ஆனால் செல்வம் எத்திசையில் ஒழுகியது என்பதை ஊர் மறக்கவில்லை என்பதற்கு அது சான்று.

4. 1790

கணவாயின் வரலாற்றில் மிகுந்த விவரங்கள் கிடைக்கும் ஆண்டு இது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயத் தளபதி ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூரைத் தளமாக்கி, கெஜலட்டி வழியே ஏறி மைசூரைத் தாக்கத் திட்டமிட்டார். அதற்காகச் சத்தியமங்கலத்தில் கர்னல் ஃப்ளாய்டு முன்னணிப் படையோடு இருந்தார். ஏற வேண்டியவர்கள் காத்திருக்க, செப்டம்பர் தொடக்கத்தில் திப்பு சுல்தான் அதே வழியில் இறங்கிவிட்டார். செப்டம்பர் 13 அன்று சத்தியமங்கலத்தில் பெரும் மோதல் நடந்தது. ஃப்ளாய்டு அன்றிரவே தெற்கே பின்வாங்க, திப்பு விரட்டினார். இந்தச் சண்டைகளில் திப்புவின் மைத்துனர் புர்கானுதீன் மாண்டார். மெடோஸ் வருகிறார் என்ற செய்தியால் திப்பு விலகினாலும், அதன்பின் ஈரோட்டையும் தாராபுரத்தையும் பிடித்துக்கொண்டார்.

மெடோஸின் திட்டம் அத்தோடு குலைந்தது. அடுத்த ஆண்டு காரன்வாலிஸ் கிழக்கே முகிலிக் கணவாய் வழியே பெங்களூரை நோக்கிச் சென்றார். மேட்டுநிலத்தில் இருப்பவனுக்கு இந்தக் கணவாய் இறங்குவாசல், சமவெளியில் இருப்பவனுக்கோ அது பூட்டிய கதவு. உச்சியை வைத்திருப்பவன் தான் விரும்பும் நாளில் இறங்கலாம். இதுவே ஹொய்சளர் கண்டதும் மெடோஸ் காணத் தவறியதும்.

5. பாதை இடம்மாறியது

1799-இல் திப்பு வீழ்ந்தபின் மேலும் கீழும் ஆங்கிலேயரின் ஒரே வல்லாண்மையின்கீழ் வந்தன. படைவழிக்கு வேலையில்லை, வண்டிச்சாலையே தேவைப்பட்டது. திம்பம் வழியே செல்லும் ஆசனூர் மலைச்சாலை வளர வளரக் கெஜலட்டி வழி வெறிச்சோடியது. எஞ்சியதை அணை முடித்துவைத்தது. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையின் நீரில் தண்டநாயகன் கோட்டை மூழ்கியது. நீர் மிகவும் வற்றும் கோடைகளில் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரிகிறது. தொல்லியல் துறை அந்த வாரங்களைத் தவறவிடாமல் கோட்டையை அளந்து பதிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.

அணையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 200 கிலோமீட்டர் நீளமுள்ள கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கரை நனைக்கிறது. சென்னிமலை வட்டாரத்து வயல்களும் அதில் உண்டு. மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீரைத்தான் நாங்கள் உழவுக்குக் கொள்கிறோம்.

6. இன்றைய திம்பம்

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். பிறகு ஆசனூர், காரப்பள்ளம், எல்லைக்கு அப்பால் புளிஞ்சூர், சாம்ராஜ்நகர். சாலை இன்று 948-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை.

மனிதர் இக்கணவாயைத் தெற்கு வடக்காகக் கடக்கின்றனர். யானைகள் நீலகிரிக்கும் பிலிகிரி ரங்கன் மலைக்கும் இடையே கிழக்கு மேற்காகக் கடக்கின்றன. இரண்டு வழிகளும் வெட்டிக்கொள்ளும் இடமே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013-இல் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறக்குறைய 1,400 சதுர கிலோமீட்டர். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022 பிப்ரவரி 10 முதல் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. முட்டைக்கோசும் கரும்பும் விளைவித்துக் கீழே அனுப்பும் தாளவாடி உழவர்கள் எதிர்த்துப் போராடினர். பின்னர் சில தளர்வுகள் வந்தன.

கட்டுப்பாடு தேவை என்றே நான் கருதுகிறேன். இரவில் லாரிகள் ஓடிய காலத்தில் அடிபட்டு மாண்ட விலங்குகளுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் தாளவாடி ஈரோடு மாவட்டத்தின் பகுதி. அவர்களுக்கும் மாவட்டத் தலைநகருக்கும் நடுவே இந்த மலைதான் நிற்கிறது. பிரசவத்துக்கும் நெஞ்சுவலிக்கும் போதிய மருத்துவ வசதி மேட்டிலேயே அமைந்தால், இரவில் மலையிறங்க வேண்டிய கட்டாயம் பெரிதும் குறையும். விளைபொருளுக்குக் குளிர்பதனக் கிடங்கு இருந்தால் பகலில் அனுப்பப் பொறுத்திருக்கலாம். சாலையைப் பற்றிய வழக்காகவே இது பேசப்படுகிறது. மேட்டில் இவ்விரண்டையும் அமைப்பது பற்றியும் அதே வேகத்தில் பேச வேண்டும்.