ஒரு மணி நேர தூரம்

போன மாதம் ஒரு ராத்திரி ஆனைகட்டியிலிருந்து சித்தி போன். சித்தப்பாவுக்கு கீமோ ஏற்றிப் பத்தாம் நாள், காய்ச்சல் 101. "மாத்திரையப் போட்டுட்டுக் காலைல மொத பஸ்ஸுக்குப் போயிக்கலாமா கண்ணு?"

நான் இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவன். இதே மாதிரிக் காய்ச்சலோடு வருபவர்களில் சிலரை மாத்திரை கொடுத்தே வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆனாலும் சித்தியிடம், "இப்பவே கெளம்புங்க" என்றேன். ஏன் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

கீமோ மருந்து நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களையும் குறைத்துவிடும். அது குறையக் குறையத் தொற்று கூடுகிறது என்று 1966-ல் அமெரிக்காவில் ஜெரால்ட் போடி குழுவினர் காட்டினார்கள். 500-க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து. என்ன கிருமி என்று பரிசோதனை முடிவு வருவதற்குள் ஆள் போய்விடுவதும் உண்டு. 1971-ல் ஷிம்ப்ஃப் குழுவினர் முடிவுக்குக் காத்திராமல் ஊசியை உடனே தொடங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். அதிலிருந்து காய்ச்சல் என்றாலே அட்மிஷன்தான்.

1999-ல் வந்த இரண்டு ஆய்வுகள், ஆபத்து குறைந்தவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசினும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டும் வாய்வழியே கொடுத்தாலும் ஊசிக்குச் சமம் என்றன. ஆனால் அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள். யாருக்கு ஆபத்து குறைவு என்று கணிக்க 2000-ல் 26 மதிப்பெண் கொண்ட ஒரு அளவுகோல் வந்தது. 21 வாங்கினால் பாஸ். 2009-ல் தில்லி எய்ம்ஸ், ஆபத்து குறைந்த குழந்தைகளை அட்மிட் செய்யாமலே ஊசியையும் மாத்திரையையும் ஒப்பிட்டது. பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, அப்புறம் என்ன பயம்? நிபந்தனைகள் இருக்கின்றனவே! முதலில் டாக்டர் பார்த்து, ரத்தம் சோதித்து, சில மணி நேரம் உட்கார வைத்துக் கவனிக்க வேண்டும். போனில் மார்க் போட முடியாது. வீடு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். கூடவே ஆள், போன், வண்டி. நம் நாட்டில் சிப்ரோவுக்கு அடங்காத கிருமிகளும் அதிகம்.

கோவை முப்பது கிலோமீட்டர்தான். கணக்குப்படி ஆனைகட்டி பாஸ். ஆனால் ராத்திரி மாங்கரை ரோட்டில் யானை நின்றால் எந்தக் கணக்கு?

பக்கத்து வீட்டு ஜீப்பில் போய்ச் சேர்ந்தார்கள். நியூட்ரோபில் 200. உடனே ஊசி. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

கீமோ நடக்கிற வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 100.4-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.