சக்கரத்துக்கு ஒரு காற்றளவு

ஓடும் காரின் டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு 1986இல் போர்ஷே 959 காரில் வந்தது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து பலர் இறந்ததால் 2000இல் சட்டம் பிறந்தது; 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இந்தக் கண்காணிப்பு கட்டாயம். ஆனால் காற்று கால் பங்கு குறைந்தால் ஒரு விளக்கு எரிந்தாலே அந்தச் சட்டத்துக்குப் போதும்; எண் தேவையில்லை.

அதனால் மலிவான வழியும் புழக்கத்துக்கு வந்தது. காற்றிறங்கிய சக்கரம் சற்று வேகமாகச் சுழல்வதை ஏபிஎஸ் உணரிகள் கண்டுபிடிக்கும். நான்கிலும் ஒரே அளவில் இறங்கினால் இம்முறை ஏமாந்துபோகும். டயருக்குள், பெரும்பாலும் வால்வோடு சேர்த்துப் பொருத்திய உணரி அழுத்தத்தை வானொலி அலையில் அனுப்பினால்தான் சக்கரவாரியாக எண் தெரியும். சக்கரங்களை இடம் மாற்றியபின் உணரிகளைப் புதிதாகப் பதியாவிட்டால், சில கார்களில் முன்சக்கரத்தின் அளவு பின்சக்கரத்தில் தெரியும்.

இந்தியாவில் 2020இல் திருத்திய விதி, காற்றழுத்தம் கண்காணிக்கும் கருவியும் டியூப் இல்லாத டயரும் பழுதுநீக்கும் பெட்டியும் உள்ள சிறு வாகனங்களுக்கு ஸ்டெப்னியிலிருந்து விலக்களித்தது. புதுச்சேரியில் பாகூரை அடுத்த நெட்டப்பாக்கம் கொம்யூனின் ஏரிப்பாக்கத்தில் எம்ஆர்எஃப் டயர் ஆலையே இருக்கிறது. ஆனாலும் வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பஞ்சர் கடைகளில் காற்றளவு பார்ப்பது கைமானியில்தான். உணரியுள்ள டயரைக் கழற்றும்போது கடப்பாறை வால்வுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.