வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டெலிகிராமில் போய்ச் சேருமா? செயலிகளை இணைக்கும் 'பாலம்'

குடும்பம் வாட்ஸ்அப்பில். நண்பர்கள் டெலிகிராமில். சேர்ந்து கேம் விளையாடும் கூட்டம் டிஸ்கார்டில்.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்க்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று நீங்களும் நினைத்திருக்கலாம்.

முடியும். அதற்கென்றே 'பாலம்' எனப்படும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பயன்படுத்துவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

ஒரு செயலி ஏன் இன்னொன்றுடன் பேசுவதில்லை?

ஜிமெயிலிலிருந்து அவுட்லுக்கிற்கு மின்னஞ்சல் அனுப்பலாம். இரண்டு நிறுவனங்களும் எஸ்எம்டிபி என்ற ஒரே நெறிமுறையைப் பின்பற்றுவதால் அது சாத்தியம். நெறிமுறை என்பது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான விதிகள்.

அரட்டைச் செயலிகளின் கதை வேறு. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு நெறிமுறையை வைத்திருக்கிறது. அதனால்தான் ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரிவதில்லை.

பாலம் என்ன செய்கிறது?

தமிழ் மட்டும் தெரிந்த பாட்டியும் மாண்டரின் மட்டும் தெரிந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் பேசணும்னா என்ன செய்வோம்? ரெண்டு மொழியும் தெரிந்த ஒருத்தர் நடுவுல நிற்கணும்.

பாலமும் அதைத்தான் செய்கிறது. அது ஒருவகை புரோக்ஸி. அதாவது, உங்களுக்குப் பதிலாக நின்று பேசும் நிரல்.

1. ஒரு பக்கம் வாட்ஸ்அப்பிலும் மறுபக்கம் டெலிகிராமிலும் அது நுழைந்திருக்கும்.
2. ஒரு பக்கம் வரும் செய்தியைப் படிக்கும்.
3. மறுபக்கத்தின் விதிகளுக்கு ஏற்ப அதை மாற்றி எழுதி அனுப்பும்.

சில பாலங்களில் ஒரே 'பாட்' எல்லாருக்காகவும் பேசும். "அத்தை: சாப்டாச்சா?" என்று பெயரைச் சேர்த்து அனுப்பும். வேறு சில பாலங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிழல் கணக்கை உருவாக்கும். அப்போது அத்தையே நேரில் பேசுவதுபோல் தெரியும்.

இது புதுசா?

இல்லை. ஐஆர்சி என்ற அரட்டை முறை 1988இல் ஃபின்லந்தில் உருவானது. அதைப் பயன்படுத்தியவர்கள் மற்ற அரட்டைச் சேவைகளில் இருந்த நண்பர்களுடன் பேசுவதற்காக 'பிட்ல்பீ' என்ற மென்பொருள் பின்னர் வந்தது. அது வெளியே ஐஆர்சி சேவையகம்போல் நடந்துகொள்ளும். உள்ளே மற்ற சேவைகளின் மொழியில் பேசும்.

2014இல் அறிமுகமான மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறை, இத்தகைய பாலங்களைப் பெரிய அளவில் பயன்படுத்துகிறது.

எல்லாமே அப்படியே போய்ச் சேருமா?

சேராது. எந்த மொழிபெயர்ப்பிலும் ஏதோ கொஞ்சம் விட்டுப்போகும், இல்லையா? ஸ்டிக்கர், கருத்துக்கணிப்பு, திருத்திய செய்தி ஆகியவை மறுபக்கம் வேறு மாதிரி தெரியலாம், வராமலும் போகலாம்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐஆர்சியில் ஒரு செய்தியின் உச்சவரம்பு 512 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழில் 'க' என்ற எழுத்துக்கு 3 பைட், 'கு'வுக்கு 6 பைட் தேவை. எனவே நீளமான தமிழ்ச் செய்தியைப் பாலம் துண்டு துண்டாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

முக்கியம்: நீங்கள் அழித்த செய்தி மறுபக்கத்தில் அழியாமல் இருக்கக்கூடும். "டெலிட் பண்ணிட்டேன், பிரச்சினை இல்ல" என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

பாதுகாப்பு?

வாட்ஸ்அப் செய்திகள் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடியும். ஆனால் பாலம் ஒரு செய்தியை மாற்றி எழுத வேண்டுமானால் முதலில் அதைத் திறந்தாக வேண்டும். அந்த நொடியில் செய்தி பூட்டில்லாமல் இருக்கும். பாலம் யாருடைய கணினியில் ஓடுகிறதோ, அவரால் அதைப் படிக்க முடியும். மறுபக்கம் டெலிகிராம் குழு என்றால், அங்கு அதே அளவு மறையாக்கம் கிடையாது.

பாதிப்பு உங்களோடு நிற்பதில்லை. குழுவில் உள்ள அத்தையின் மருத்துவச் செய்தி, தம்பியின் படம் எல்லாமே அந்தப் பாலத்தைக் கடந்துதான் போகும். அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கணக்கும் பறிபோகலாம். அங்கீகாரம் இல்லாத செயலிகளை வாட்ஸ்அப் அனுமதிப்பதில்லை. பயன்படுத்துவோரின் கணக்கை அது முடக்கக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னிலக்கச் சந்தைச் சட்டம், மற்ற செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் அவற்றுடன் இணைய வழிவிட வேண்டும் என்கிறது. அந்தக் கடமை 2024இல் நடப்புக்கு வந்தது. மறையாக்கத்தின் தரம் குறையக்கூடாது என்பதும் நிபந்தனை. ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்போருக்கு மட்டுமே. சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு அது பொருந்தாது.

அப்போ நீங்கள் என்ன செய்யலாம்?

• பாலம் யாருடைய சேவையகத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். உங்கள் சொந்தக் கணினி என்றால் ஆபத்து குறைவு.

• குழுவை இணைப்பதற்கு முன் எல்லாரிடமும் சொல்லுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள்.

• பல பாலங்கள் கியூஆர் குறியீட்டின் மூலம் உங்கள் கணக்கில் நுழையும். மோசடிக்காரர்களும் அதே வழியைப் பயன்படுத்துகிறார்கள். தெரியாத பக்கத்தில் உள்ள குறியீட்டை வருடாதீர்கள்.

• வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலை அடிக்கடி பாருங்கள். தெரியாத சாதனம் இருந்தால் உடனே நீக்குங்கள்.

மோசடியோ என்ற சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழைக்கலாம்.

ஒரே திரையில் எல்லாரோடும் பேசுவது வசதிதான். அந்த வசதிக்காக யாருடைய செய்திகளைத் திறந்துகொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.