தாராவிச் சுற்றுலா

தாராவிச் சுற்றுலா என்பது மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதியை உள்ளூர் வழிகாட்டியுடன் நடந்தே சுற்றிப் பார்ப்பதாகும். மாகிம், சயான் ரயில் நிலையங்களுக்கு இடையே, ஏறத்தாழ 2 சதுர கி.மீ. பரப்பில் பல லட்சம் பேர் வாழும் இப்பகுதி, தலைமுறைகளாகத் தமிழர் பலருக்குச் சொந்த ஊர்.

முன்வரலாறு

ஏழைகளின் குடியிருப்பைப் பார்க்கப்போகும் வழக்கம் 1880களில் லண்டனில் பரவியது. வசதி படைத்தோர் கிழக்கு லண்டனின் சந்துகளுக்குள் நுழைந்தனர்; சிலர் தொண்டு செய்ய, பலர் வேடிக்கை பார்க்க. நியூயார்க்கிலும் இது தொற்றியது. 1992இல் மார்செலோ ஆம்ஸ்ட்ராங் ரியோ டி ஜெனிரோவின் ரோசின்யா குடியிருப்பில் வழிகாட்டிச் சுற்றுலாவைத் தொடங்கினார்.

தாராவியில்

கோலி மீனவர்களின் ஊராக இருந்த தாராவிக்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிப் பகுதியினர் வந்து தோல் பதனிட்டனர். சௌராஷ்டிரக் குயவர்கள் கும்பார்வாடாவை உருவாக்கினர். ரியோவில் கண்டதைப் பின்பற்றி, இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் வேயும் கிருஷ்ணா பூஜாரியும் 2005இல் ‘ரியாலிட்டி டூர்ஸ் அண்ட் ட்ராவல்’ நிறுவனத்தைத் தொடங்கினர். 2008இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ திரைப்படம் வெளிவந்தபின் வெளிநாட்டினரின் ஆர்வம் பெருகியது.

நடைமுறை

நடை இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீளும். பழைய பிளாஸ்டிக்கை நிறம் பிரித்து அரைக்கும் பட்டறைகள், கவிழ்த்த கூடைகளின்மேல் காயும் அப்பளங்கள், சூளைப்புகை நடுவே திரிகை சுற்றும் குயவர் எனப் பயணி பார்ப்பது உழைப்பைத்தான். ரியாலிட்டி டூர்ஸ் நிறுவனம் படமெடுக்க அனுமதிப்பதில்லை. லாபத்தில் 80 விழுக்காட்டைக் கல்விப் பணிக்குத் தருவதாக அறிவித்துள்ளது.

விவாதம்

நைரோபியின் கிபேரா குடிசைப்பகுதியில் வளர்ந்த கென்னடி ஒடேடே, 2010இல் இவ்வகைச் சுற்றுலாவைக் கண்டித்து எழுதினார். 16 வயதில், வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தன்னை ஒரு வெளிநாட்டுப் பெண் படமெடுத்ததை அதில் அவர் நினைவுகூர்ந்தார். கேட்காமல் எடுத்த படம் வீட்டுக்காரரின் மானத்தில் கைவைக்கிறது. கேமராவுக்கு விதித்த தடையின் நியாயம் இதுவே. அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர் வழிகாட்டியாக முன்னே நடக்கும்போது, வந்தவர் விருந்தாளிக்குரிய அடக்கத்துடன் நடந்துகொள்ள வழி பிறக்கிறது.

இன்று

குடிசைகளுக்குப் பதில் அடுக்குமாடிகளை எழுப்பும் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. சூளைக்குத் திறந்த முற்றமும், அப்பளத்துக்கு வெயில் விழும் தரையும் வேண்டும். அடுக்குமாடியில் இவற்றுக்கு இடம் கிடைக்குமா என்பதே இங்கு உழைப்போரின் கவலை.