மூன்று பெயர்களில் ஒரு நெசவுக்காரி

மலாக்காத் துறைமுகத்தின் துணி வணிகத்தைப் பழைய ஏடுகளில் தேடினால் சோழமண்டலக் கரை வணிகர்கள் கிடைப்பார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் தோமே பிரெஸ் எழுதிய குறிப்புகளிலும் அவர்கள் உண்டு. அந்தத் துணியில் கைபட்ட பெண்களைக் காண்பது அரிது. பெண்ணை எப்படித் தேடுவது என்பதற்கு இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் ஒரு வழி இருக்கிறது.

முதல் தடயம் 1908. சர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் காலச் சிங்களக் கைவினைகள் குறித்து 425 படிகள் மட்டும் அச்சிட்ட பெருநூல். ஆசிரியர் அவர் ஒருவரே. ஆனால் அந்நூலுக்கு ஒளிப்படங்கள் எடுத்தவர் மனைவி எதெல். 1903 முதல் இலங்கையில் அவர்கள் வாழ்ந்த ஆண்டுகளின் விளைச்சல் அது.

இரண்டாவது தடயம், 1916இல் இங்கிலாந்தில் வெளியான தாவரச் சாயங்கள் பற்றிய கையேடு. ஆசிரியர் எதெல் மைரே. இருவரும் ஒருவர்தானா? திருமண விவரங்கள் முடிச்சை அவிழ்க்கின்றன: 1872இல் பிறந்த எதெல் பார்ட்ரிட்ஜ், 1902இல் குமாரசுவாமியை மணந்தார், அந்த மணம் முறிந்தபின், 1913இல் பிலிப் மைரேயை மணந்தார். நூலக அகரவரிசையில் ஒரே பெண் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறார்.

அப்படியானால் சாயக்கலை இலங்கையில் கற்றதா? அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடக் கூடாது. அவுரி, மஞ்சிட்டி, சாயத்தை இழையில் ஊன்றச் செய்யும் படிகாரம் எனக் கையேடு விரிந்தாலும், பிரிட்டிஷ் செடிகளுக்கும் கற்பாசிகளுக்கும் அதில் கணிசமான இடம் உண்டு. இலங்கை தந்தது செய்முறையை அல்ல, கைவினைஞரின் வேலையைக் கூர்ந்து பார்க்கும் கண்ணை என்று கொள்வதே பொருத்தம்.

எதெலின் பணி விளைவித்ததற்குச் சான்று வலுவானது. இங்கிலாந்தின் டிட்ச்லிங் ஊரில் அவர் நடத்திய நெசவுப் பட்டறையில் பழகிய மரியான் ஸ்ட்ராப், பிற்காலத்தில் லண்டன் பேருந்து, ரயில் இருக்கைகளுக்குத் துணி வடிவமைத்தார். 1936இல் தொடங்கிய பிரிட்டனின் தொழில்துறை வடிவமைப்பாளர் விருதை முதலில் பெற்ற பெண்ணும் எதெல்தான்.

பெண்ணைத் தேடுவோர் குடும்பப் பெயரை நம்பாமல், அவர் செய்த பொருளைப் பின்தொடர வேண்டும். மலாக்கா நகரிலும் தோட்டங்களிலும் பாட்டிமார் தைத்த திரைச்சீலையோ பூவேலைத் துணியோ வைத்திருப்பவர்கள், அந்தப் பாட்டிமார் பிறந்தபோது இட்ட பெயரை இன்றே எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள்.